துட்டி வீட்டு அடுப்பு

இன்றைக்குக் காலையில் கடைக்கு எதிரே இருக்கிற கல்யாண மண்டபத்திலிருந்து சொதி வாசம் வந்தது. தேங்காய்ப் பாலும் இஞ்சியும் சேர்ந்து கொதிக்கிற அந்த வாசம். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. நீர் இருந்திருந்தால் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இஞ்சி கூடிப்போச்சுவே, எவன் வைக்கான் இத?" என்று நேரே உள்ளே போயிருப்பீர். சண்டையும் போட்டிருப்பீர்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது உமக்குத் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும். பொறுக்காமல் என்ன செய்வீர்? உமக்கு 'அ'னாவும் தெரியாது. இந்த மடலை உமக்கு வாசித்துக் காட்டவும் ஒருநாள் நான்தான் வரவேண்டும்.

உமக்கு நெஞ்சுவலி வந்த வருஷம் அது. இனி அடுப்புப் பக்கம் போகாதே, சாயங்காலம் கொஞ்சம் நட என்று பாளையங்கோட்டை டாக்டர் சொல்லிவிட்டார். நாற்பது வருஷம் கல்யாண வீடுகளில் சமையல் பார்க்கிற தவசிப்பிள்ளையாக நின்று ஆயிரம் இலைக்கு ஒரே ஆளாய் ருசி பார்த்தவருக்கு, சேரன்மகாதேவியில் நடப்பதற்கு ஒரே ஒரு சாலை. அந்தச் சாலையில் உட்காருவதற்கு என் சைக்கிள் கடை பெஞ்சு ஒன்றுதான். திருநீறு பூசிய நெற்றியும் தோளில் துண்டுமாக வந்து உட்கார்ந்து, என் மடியில் இருந்ததைப் பார்த்தீர்.

"என்னவே இம்புட்டுத் தடியா இருக்கு? தலைக்கு வச்சுப் படுக்கவா?"

"வேதப் புத்தகம்வே."

"படிச்சு முடிச்சிட்டீரா?"

"எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துலருந்து படிச்சுக்கிட்டிருக்கோம்."

"அம்புட்டு மெதுவாவா?"

என்னைக் கேலி செய்து ஜெயித்த ஆள் இந்த ஊரில் அதற்கு முன் கிடையாது. அன்றைக்கே உம்மை எனக்குப் பிடித்துவிட்டது. பிறகுதான் அந்த விஷயத்தைச் சொன்னீர்.

"கதைன்னா எனக்கு உசுருவே. ஆனா ஒரு கதையையும் கடைசி வரைக்கும் கேட்டதில்ல. கோயில் கொடையில வில்லுப்பாட்டுக்காரன் கதைய ஆரம்பிக்கையில நான் அடுப்பு மூட்டிக்கிட்டு நிப்பேன். கதை சூடுபிடிக்கையில சோறு வடிக்கணும். முடியப்போவுதுன்னா 'எலையப் போடு'ம்பான். அறுவத்தெட்டு வயசாச்சு. எந்தக் கதையில யாரு ஜெயிச்சான்னு எனக்குத் தெரியாது."

நான் சிரித்தேன். நீர் சிரிக்கவில்லை.

"ஒம்ம புத்தகத்துல இருக்க அந்த ஒரு ஆளோட கதைய முடிய வாசியும். சிலுவையில தொங்குதத படத்துல பாத்திருக்கேன், மத்தது தெரியாது. டாக்டரு மூஞ்சியப் பாத்தா நாளு ரொம்ப இல்லன்னு தோணுது. நான் போவுததுக்குள்ள முடிச்சிரும்."

"சரிவே."

"சத்தியமா?"

"எங்க வேதத்துல சத்தியம் பண்ணக் கூடாதுவே. சரின்னா சரி."

இந்தக் கடைசி வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தினமும் சாயங்காலம் வாசித்தேன். எழுத்துக் கூட்டி, ரேஷன் கடையில் பெயர் வாசிக்கிறவன் மாதிரி. எனக்கு அது பழகின கதை. ஞாயிறு பள்ளியில் கேட்டு, வேதக்கோயிலில் கேட்டு, பிரசங்கத்தில் பாதி தூங்கிக் கேட்டு, மீதியைத் தூங்காமல் கேட்டும் மனதில் வாங்காமல் விட்ட கதை. உமக்கோ ஒவ்வொரு வரியும் அன்றைக்குத்தான் நடக்கிற சங்கதி. கல்யாண வீட்டில் திராட்சரசம் தீர்ந்துபோன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர். எனக்கு உயிரே போய்விட்டது. "வலிக்காவே?" என்றால், "இல்லவே, பந்தி நடுவுல தீந்துட்டா அந்தத் தவசிப்பிள்ள மனசு என்ன பாடுபடும்னு நெனச்சேன்" என்கிறீர்! ஐயாயிரம் பேர் சாப்பிட்டு மிச்சம் பன்னிரண்டு கூடை என்றதும், "அளவு தெரியாத சமையல்" என்று உதட்டைப் பிதுக்கினீர். கொஞ்ச நேரம் கழித்து நீரே, "அப்படியில்ல. வேணும்னேதான் கூட்டி வச்சிருக்காரு. பிந்தி வாரவனுக்கு" என்று திருத்திக்கொண்டீர். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு விளக்கம் கேட்டதில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. கோயிலில் மூன்று மணி நேர ஆராதனை முடித்து, அங்கே ஊற்றின கஞ்சியைக் குடித்துவிட்டு வந்து கடையைத் திறந்தேன். நீர் எனக்கு முன்னாலேயே பெஞ்சில் இருந்தீர். கணக்காக அன்றைக்குத்தான் அந்தப் பக்கங்களும் வந்து நின்றன. வாசித்தேன். காட்டிக்கொடுத்தது, மறுதலித்தது, ஆணி, காடி, கடைசி மூச்சு. கல்லறையில் வைத்தார்கள் என்பதோடு அந்த அதிகாரம் முடிந்தது. நீர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டீர்:

"பிறகு?"

அங்கேதான் என் குரங்குப் புத்தி எட்டிப் பார்த்தது. புத்தகத்தைப் பட்டென்று மூடினேன்.

"அம்புட்டுதான்வே."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான். கல்ல வச்சு மூடிட்டாங்கல்லா."

"மிச்சத் தாளு இவ்வளவு கெடக்கே?"

"அது வேற கதைவே."

நீர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பைய நடந்து போனீர். நாளைக்கு வந்து 'மிச்சத்த வாசியும்' என்று கெஞ்சுவீர், அரைமணி நேரம் உம்மை வைத்து விளையாடலாம் என்று நான் திட்டம் போட்டேன். சிரித்துக்கொண்டே கடையைப் பூட்டினேன்.

சனிக்கிழமை காலை நீர் வந்தீர். சவரம் செய்யாத முகம். நெற்றியில் திருநீறு இல்லை. பெஞ்சில் உட்காரவில்லை. நேரே என்னிடம் வந்து, இரண்டு கையையும் நீட்டி என் கைகளைத் தொட்டீர். இழவு வீட்டில் துட்டி கேட்க வருகிறவர்கள் இழவுக்காரன் கையைத் தொடுவார்களே, அப்படி. கொஞ்சம் தள்ளி நின்றீர்.

"என்னவே? யாரு போயிட்டா?"

"என்னவே இப்படிக் கேக்கீரு? ஒங்க ஆளுதான். நேத்து நீருதான வாசிச்சீரு."

நீர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்: "நல்ல மனுசன். ஒரு குத்தமும் சொல்ல முடியாது. அநியாயமாக் கொன்னுட்டானுவ. அவருக்குச் சொந்தம்னு எனக்குத் தெரிஞ்சது நீரு ஒருத்தருதான். அதான் ஒம்மகிட்ட வந்தேன். எங்க வீட்டுலயும் நேத்து சாயங்காலத்துலருந்து அடுப்பு பத்த வைக்கல."

துட்டி வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அது நம் ஊர் வழக்கம். ஆனால் அவருக்காக ஒரு வீட்டில் அடுப்பை அணைத்துப் போட்டதை, அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு ஐந்து தலைமுறையாக வாழ்கிற எங்கள் குடும்பத்தில்கூட நான் பார்த்ததில்லை. நாங்கள் பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து கஞ்சி ருசியாக இருந்ததா என்று பேசிக்கொண்டு வருகிறவர்கள்.

"மாத்திரை போட்டீரா?" என்று கேட்டேன்.

"வெறும் வவுத்துல எப்படிவே போட?"

நெஞ்சுக்குப் போடுகிற மாத்திரை. ஒரு ராத்திரியும் ஒரு காலையும் போடவில்லை. என் சின்ன விளையாட்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. உம்மைப் பிடித்து உட்காரவைத்தேன். புத்தகத்தை எடுத்தேன். நிறுத்தின இடத்தைத் தேடிப் புரட்டினேன். வாழ்நாளில் முதல் தடவையாக எழுத்துக் கூட்டாமல் வாசித்தேன். இருட்டோடு அந்தப் பெண் கல்லறைக்கு வந்தது, கல் புரண்டு கிடந்தது, அவள் அழுதுகொண்டு நின்றது, எதிரே நின்றவரைத் தோட்டக்காரன் என்று நினைத்தது, அவர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

நீர் எழுந்து நின்றுவிட்டீர்.

"உசுரோடயா?"

"உசுரோடதான்."

"அவரேதானா? வேற ஆளு இல்லியே?"

"அவரேதான்வே."

உம்முடைய முகத்தை அப்போது நான் பார்த்தேன். அதை எழுத எனக்கு ஐந்தாம் வகுப்பு போதாது. பெரிய படிப்புப் படித்தவனுக்கும் போதாது என்றுதான் நினைக்கிறேன். பிறகு என் பக்கம் திரும்பினீர்.

"ஒமக்கு இது நேத்தே தெரியுமா?"

"தெரியும்."

"எப்பவுலருந்து?"

"பொறந்ததுலருந்து."

ஏமாற்றினதற்கு அறையப்போகிறீர் என்றுதான் காத்திருந்தேன். நீர் கேட்டது வேறு.

"பொறந்ததுலருந்து தெரிஞ்சுமாவே இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இருக்கீரு?"

சாலையில் இறங்கினீர். நாலு எட்டு போய்த் திரும்பி, "நேத்து ராத்திரி நான் செத்திருந்தா என்னவே செஞ்சிருப்பீரு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டீர்.

மறுநாள் ஈஸ்டர். விடியும் முன்னே ஆராதனை. வழக்கமாக நான் கடைசி பெஞ்சில் தூணில் சாய்ந்து, எங்கள் போதகர் ஐயர் பிரசங்கம் முடித்ததும் கண்விழிக்கிறவன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அவர் உயிரோடு இருக்கிறார் என்று ஐயர் சொன்னபோது என் வாயிலிருந்து "உசுரோடயா!" என்று சத்தம் வந்துவிட்டது. முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஊர் என்னை வழக்கமான கேலிக்காரன் என்று நினைத்திருக்கும். நினைக்கட்டும்.

ஞாயிறு நீர் வரவில்லை. திங்களும் இல்லை. உம் வீட்டுக்கு வந்தேன். உம் வீட்டம்மா வாசலில் நின்று, "உள்ளதான் இருக்காக அண்ணாச்சி. மாத்திரையெல்லாம் போட்டாச்சு. ஒங்ககிட்ட மட்டும் பேசமாட்டாகளாம்" என்றாள். உள்ளேயிருந்து நீர் இருமினீர். உயிரோடு இருக்கிறேன் என்று எனக்குத் தெரிவித்த இருமல் அது. அதுவே போதும் என்று திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை வந்து பெஞ்சில் உட்கார்ந்தீர். புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி உம் மடியில் வைத்துக்கொண்டீர்.

"நான் பிடிச்சுக்கிடுதேன். நீரு அங்கனருந்தே வாசியும். இன்னும் இருக்கா, முடிஞ்சுட்டா? பொய் சொல்லப்படாது."

"ஒரு அதிகாரம் இருக்குவே."

அதுதான் அந்தக் கடற்கரை. ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல் விடியற்காலையில் அவர் கூடவே திரிந்த சீஷர்கள் கரைக்கு வருகிறார்கள். கரையில் நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் சுட்டுவைத்து, வந்து சாப்பிடுங்கள் என்று கூப்பிடுகிறார் அவர்.

"நில்லும்," என்றீர். "அடுப்பு மூட்டினது யாரு?"

"அவருதான்."

"செத்துப் போனாருல்லா, அவரா?"

"ஆமா."

"அவருட்ட முன்னாலயே மீனு இருந்துச்சா?"

"இருந்துச்சு. நீங்க பிடிச்சதுலயும் கொஞ்சம் கொண்டாங்கன்னும் சொல்லுதாரு."

"அவருட்டதான் இருக்கே, பிறகு அது எதுக்கு?" என்று நீரே கேட்டு, நீரே தலையாட்டினீர். "வெறுங்கையோட வந்தா உக்கார கூச்சப்படுவானுவல்லா. அதுக்குத்தான். கேட்டுத் தெரிஞ்சிக்கிடும்வே, நல்ல தவசிப்பிள்ள செய்யுத வேல அது." பிறகு மெதுவாக, "அந்த 'எனக்கு அவரத் தெரியாது'ன்னு மூணுதடவ சொன்னானே, அவனும் உக்காந்தானா?" என்றீர்.

"உக்காந்தான்."

"மொதப் பந்தியிலயா?"

"ஒரே பந்திதான்வே."

நீர் எனக்குச் சொன்னது மாதிரியும் இல்லை, உமக்கே சொன்னது மாதிரியும் இல்லை, இப்படிச் சொன்னீர்:

"துட்டி வீட்டுல அடுப்பு மூட்டப்படாது. செத்தவனே வந்து மூட்டிட்டான்னா, இனி யாரு துட்டி காக்க? முடிஞ்சு போச்சுவே. துட்டியே முடிஞ்சு போச்சு."

பிரசங்க பீடத்தில் நின்று யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. சொல்லியிருப்பார்கள், நான் தூங்கியிருப்பேன்.

மறுநாள் காலை என் வீட்டுப் பின்கட்டில் பாத்திரச் சத்தம். என் மனைவி போனபிறகு சரியாக அடுப்பு எரியாத வீடு அது. ஓடிப்போய்ப் பார்த்தால், டாக்டர் வேண்டாம் என்றதையும் கேட்காமல் நீர் அடுப்பின் முன்னே நிற்கிறீர். "மீனு வைக்க எனக்குத் தெரியாது. தெரிஞ்சது சொதிதான்" என்றீர். காலை ஏழு மணிக்கு யாராவது சொதி சாப்பிடுவார்களா? இலையைப் போட்டு, "வாரும்வே, சாப்பிடும்" என்றீர். வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொதியில் உப்பு போதவில்லை. சொன்னேன். "கண்ணுல வடியுதுல்லா, அதச் சேத்துக்கிடும்" என்றீர். என்னை ஜெயித்தது அது இரண்டாவது தடவை.

அதன் பிறகு நாலு வருஷம் இருந்தீர். வாசித்ததையே திரும்ப வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் அழுகிற இடத்தில், "அழாதம்மா, பின்னால பாரு" என்று அவசரப்படுவீர். முடிவு தெரிந்த பிறகும் அவசரம் குறையவில்லை. எங்கள் கோயில் அசன விருந்துச் சமையலுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து மேல்பார்வை பார்த்தீர். கமிட்டிக்காரர்களுக்கு முதல் பந்தி தனியாக என்று ஒருத்தர் வந்து சொன்னபோது, கரண்டியை ஊன்றிக்கொண்டு எழுந்தீரே!

"ஒங்க ஆளு கடற்கரையில எத்தன பந்தி வச்சாரு?"

"அது... ஒண்ணுதான்."

"அப்போ இங்கனயும் ஒண்ணுதான். உக்காருங்க, சோறு ஆறுது."

கமிட்டித் தலைவர், தெருப்பெருக்குகிறவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். முதலில் முகம் சுருங்கித்தான் இருந்தது. இரண்டாம் தடவை சோறு கேட்டபோது சுருக்கத்தைக் காணோம். அந்த அசனத்தை இன்றைக்கும் ஊரில் பேசுகிறார்கள். ஞானஸ்நானம் வாங்குவீரா என்று ஐயர் உம்மைக் கேட்டதும், நீர் அவருக்குச் சொன்ன பதிலும், உங்கள் இருவருக்குள் இருக்கட்டும். நான் அந்தப் பேச்சுக்குள் வரவில்லை.

போன ஆனி மாதம் தகவல் வந்தது. தூக்கத்திலேயே போய்விட்டீர். துட்டி கேட்க வந்தேன். வாசலில் உம் சொந்தக்காரர்கள் கையைத் தொட்டுவிட்டு உள்ளே போனேன். அடுப்படி இருட்டாக இருந்தது. உம் வீட்டம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"ஒங்களுக்குச் சொல்லிட்டுப் போயிருக்காக அண்ணாச்சி. 'அந்த ஆளு வருவாரு. வந்தா அந்தக் கடைசிக் கதைய என் காதுல சொல்லச் சொல்லு. நடுவுல நிறுத்தினாருன்னா வெளிய அனுப்பிரு'ன்னாக."

செத்த பிறகும் கேலி. மூன்றாவது தடவை.

புத்தகம் கடையில் இருந்தது. வேண்டியிருக்கவில்லை. உம் காதருகே குனிந்து சொன்னேன். கல்லறையில் ஆரம்பித்தேன். எங்கும் நிறுத்தவில்லை. கல் புரண்டது, பெயர் சொல்லிக் கூப்பிட்டது, கடற்கரை, நெருப்பு, ஒரே பந்தி. நிமிர்ந்தபோது உம் வீட்டம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏமாற்றின அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி உம்மோடு பட்டினி கிடந்தவள் அவளும்தானே.

"அண்ணாச்சி," என்றாள். "இது வெளயாட்டுக்குச் சொல்லுததில்லியே?"

எழுபத்துமூன்று வருஷமாக நான் சொன்னதில் எது நிஜம், எது கேலி என்று யாருக்கும் தெரிந்ததில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. அன்றைக்கு அந்தப் பெருமை எந்தப் பக்கம் போயிற்றோ தெரியவில்லை.

"இல்ல தாயி," என்றேன். "இது நெசம்."

அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். வார்த்தையை அல்ல, முகத்தை. பார்த்துவிட்டு, "சரி அண்ணாச்சி" என்று சேலைத் தலைப்பால் உம் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

அவள் பார்த்த அந்த முகத்தைத்தான் இப்போது சுமந்துகொண்டு திரிகிறேன். காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன், முடிவு தெரிந்தவன் மூஞ்சிதானா இது என்று. சில நாள் ஆமாம் என்கிறது. சில நாள் பழைய சைக்கிள் கடைக்காரன்தான் தெரிகிறான். அந்த நாட்களில் கடையை அரைமணி நேரம் பிந்தித் திறக்கிறேன். கல்லறையிலிருந்து கடற்கரை வரைக்கும் ஒருதரம் சத்தமாக வாசித்துவிட்டு.